பொரித்தால் பலகாரம், சுட்டால் கடைச்சரக்கா?

"பலகாரம்னா எண்ணெயில போடணும், பிஸ்கட்டுன்னா கடையில வாங்கணும்." கன்னியாகுமரி மாவட்டத்தில் சிதறால், அருமனை, மார்த்தாண்டம் பக்கம் இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. தீபாவளியானாலும் கிறிஸ்துமஸானாலும் சட்டியில் எண்ணெய் காய்கிறது. முறுக்கும் அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் டின் டின்னாக நிறைகின்றன. மற்ற நாள்களில் சாயாவோடு கடிக்க ஏதாவது வேண்டுமென்றால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பாக்கெட் வாங்குகிறார்கள். கருப்பட்டியும் சுக்கும் கிராம்பும் சேர்த்து மெல்லிசாகத் தேய்த்து, எண்ணெயில் போடாமல் சுட்டெடுக்கும் இனிப்பு பிஸ்கட்டை வீட்டிலேயே செய்யலாமே என்றால், "எதுக்கு மக்களே இந்தப் பாடு? அஞ்சு ரூவாய்க்கு கடையில கிட்டும்லா" என்கிறார்கள் பெரியவர்கள். இளையவர்கள் ஓவன் இல்லை என்கிறார்கள். கொஞ்சம் வாசித்தவர்களோ, அது நம்முடைய தின்பண்டமே இல்லை, வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்று முடித்துவிடுகிறார்கள். இந்தப் பேச்சு முழுவதையும் நான் மறுக்கிறேன். வேண்டிய பொருளெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் விளைகிற ஓர் ஊர், தன்னால் ஆகாது என்று தானே நம்பிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

கைத்திறனிலிருந்தே தொடங்குகிறேன். வீட்டில் சுட்டால் கல்லாகிவிடும், பதம் வராது என்று சொல்கிற அதே கைகள்தான் முந்திரிக்கொத்து செய்கின்றன. அது லேசான வேலையா? சிறுபயறை வாசம் வரும்வரை வறுத்துத் திரித்து, தேங்காயும் எள்ளும் வறுத்துச் சேர்த்து, பாகைச் சரியான பதத்தில் இறக்கிக் கலந்து, சூடு ஆறுவதற்குள் உருட்டி, அரிசி மாவுக் கரைசலில் மும்மூன்றாக முக்கி, கொத்து கலையாமல் எண்ணெயில் விட வேண்டும். பாகு கொஞ்சம் முந்தினால் உருண்டை உதிரும். பிந்தினால் பல் பெயரும். அதிரசப் பாகு இன்னும் பொல்லாதது. தாய் காட்டி மகள் பழகி இந்தப் பதங்களையெல்லாம் கைக்குள் வைத்திருக்கும் வீடுகளில், பாகே காய்ச்ச வேண்டாத ஒரு பிஸ்கட்டைக் கண்டு தயங்குவதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். கால் கிலோ கோதுமை மாவு. நூறு கிராமுக்குச் சற்று மேலே கருப்பட்டி. அறுபது மில்லி தேங்காயெண்ணெய், செக்கில் ஆட்டியதானால் நல்லது. ஆறு கிராம்பு, நாலைந்து ஏலக்காய், ஒரு தேக்கரண்டி சுக்குப்பொடி, அரைத் தேக்கரண்டி சீரகம், நான்கைந்து நல்லமிளகு, தாராளமாக ஒரு சிட்டிகை உப்பு. கருப்பட்டியைத் தட்டிப்போட்டு நாலு மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். பதனீர்க் கலயத்தின் சுண்ணாம்பும் மண்ணும் அடியில் நிற்கும் என்பதால் வடிகட்டாமல் விடக்கூடாது. கரைசல் நன்றாக ஆற வேண்டும். கிராம்பையும் மிளகையும் சீரகத்தையும் வெறும் சட்டியில் லேசாக வாட்டி இடித்துச் சுக்குப்பொடியோடு மாவில் கலக்கலாம். ஏலப்பொடியை மட்டும் எண்ணெயில் கலந்துவையுங்கள். அதன் வாசம் சூட்டில் சீக்கிரம் பறந்துவிடும், எண்ணெய் கொஞ்சமாவது பிடித்துவைக்கும்.

இனிதான் கவனம் வேண்டும். முதலில் எண்ணெயை மாவில் ஊற்றி விரல்நுனிகளால் பிசிற வேண்டும். முறுக்கு மாவுக்குப் பார்ப்பதே இதற்கும் பதம்: அள்ளிப் பிடித்தால் பிடியாக நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். அந்தப் பதம் வந்தபின் கருப்பட்டிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து ஒன்றுசேர்க்க வேண்டும். போதவில்லையென்றால் ஒரு கரண்டி தேங்காய்ப்பால். சப்பாத்தி மாவை அடித்துப் பிசைவது போல் இதைப் பிசைந்தால்தான் கல்லாகும். கோதுமையில் உள்ள பசைச்சத்து தண்ணீரும் பிசைவும் கிடைத்தால் இழுத்துக்கட்டிக்கொள்ளும். எண்ணெய் முன்னாலேயே மாவைப் பூசிவிட்டால் அதனால் முடியாது. "கல்லு மாதிரி இருக்கும்" என்ற ஊர்ப்பேச்சு இந்த ஒரு தவறிலிருந்து பிறந்தது. அதைத் திருத்துவதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை, கையைக் கொஞ்சம் அடக்கினால் போதும்.

அரைமணி நேரம் மூடிவைத்து, இரண்டு வாழையிலைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துப் பத்து ரூபாய் நாணயத்தின் கனத்துக்குத் தேய்க்க வேண்டும். ஓரம் கனத்தும் நடு மெலிந்தும் இருந்தால் நடு கருகும்போது ஓரம் வேகாமல் நிற்கும். கத்தியால் சாய்சதுரமாகக் கீறி, ஒவ்வொன்றிலும் ஈர்க்கால் ஐந்தாறு குத்து. இந்தக் குத்து அழகுக்கு இல்லை. உள்ளே பிறக்கும் ஆவி வெளியேறாவிட்டால் பிஸ்கட் பூரிபோல் எழும்பும், எழும்பிய பிஸ்கட் மொறுமொறுப்பாகாது.

சரி, எங்கே சுடுவது? ஓவன் இல்லாத வீட்டில் சுட முடியாது என்பதுதான் எல்லாவற்றிலும் பலமாக வேரோடியிருக்கும் நம்பிக்கை. விற்பனை விளம்பரங்களும் சமையல் காணொளிகளும் அதற்குத் தண்ணீர் ஊற்றுகின்றன. கடலையை மணலில் வறுக்கத் தெரிந்த நாட்டில் இதை நம்புவது வேதனையாக இருக்கிறது. மணல் சூட்டை மெதுவாக வாங்கி, சமமாகப் பரப்பி, நெடுநேரம் வைத்திருக்கும். கனமான அலுமினியப் பாத்திரத்தில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கழுவிக் காயவைத்த மணலோ கல்லுப்போ போட்டு, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடி, மிதமான தீயில் கால்மணி நேரம் காயவிட்டால் அதுவே ஓவன். குக்கரிலும் செய்யலாம், காஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், இதில் யாரும் அலட்சியம் காட்டக்கூடாது. சூடு சரியா என்று பார்க்க ஒரு சிறு தட்டில் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவி உள்ளே வைத்தால் சொல்லிவிடும். இரண்டு மூன்று நிமிடத்தில் இளம்பழுப்பானால் பிஸ்கட்டை வைக்கலாம். கறுத்துவிட்டால் தீயைக் குறைத்துப் பொறுக்க வேண்டும். கருப்பட்டி சீனியைவிடச் சீக்கிரம் கருகும், ஆகையால் அவசரத் தீ இதற்கு ஆகவே ஆகாது. ஓவன் உள்ளவர்கள் 160 டிகிரிக்கு மேல் போக வேண்டாம்.

அடி சிவந்தும் மேல்பக்கம் வெளிறியும் நிற்கிறதே என்பார்கள். காஸ் அடுப்பில் பாதி வேக்காட்டில் ஒருமுறை திருப்பிப்போட்டால் தீர்ந்தது; மெல்லிசான பண்டம், தாங்கும். விறகடுப்பு இருக்கும் வீட்டுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: சிரட்டைக் கனல். தேங்காய் இல்லாத வீடு சிதறாலில் ஏது? சிரட்டையைக் கொளுத்திக் கனலானதும் அள்ளிப் பாத்திரத்தின் மூடிமேல் பரப்பினால், புகை அடங்கிய சீரான சூடு மேலிருந்து இறங்கும். மலபாரில் கலத்தப்பம் இப்படித்தான் சுட்டார்கள், கீழே தீயும் மூடிமேல் கனலுமாக. பேக்கரியில் விறகெரித்துச் சூடேற்றுகிற செங்கல் அடுப்பைக் கேரளத்தில் போர்மா என்பார்கள், யாழ்ப்பாணத்தில் போறணை என்பார்கள். அதன் சின்ன உருவம் மூடிமேல் கனல் போட்ட நம் பாத்திரம்.

பாத்திரமும் மணலும்கூட இல்லாமல் கோதுமையை மொறுமொறுப்பாக்கிய மக்கள் இருக்கிறார்கள். குஜராத்தின் ஜைன வீடுகளில் காக்ரா என்று ஒன்று சுடுவார்கள். காகிதம்போல் தேய்த்த கோதுமை ரொட்டியைத் தோசைக்கல்லில் போட்டு, மரக்கட்டையாலோ துணியாலோ அழுத்தி அழுத்தி, ஈரம் துளியும் இல்லாமல் வற்றவைப்பது. சீரகம், மிளகு, வெந்தயக்கீரை என்று பல ருசி. நாள்கணக்கில் கெடாமல் இருக்கும், வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொடுப்பார்கள். ஒரே ஒரு தோசைக்கல்தான் அங்கே கருவி. சிதறால் மலைக்கு ஏறுகிறவர்கள் பாறையில் செதுக்கிய ஜைனத் தீர்த்தங்கரர்களைப் பார்க்கிறார்கள். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்து 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அந்த ஜைனக் கோயில் பகவதி கோயிலானது. அந்த மலையில் தங்கிய துறவிகள் காக்ரா தின்றார்கள் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் தடம் பதித்த ஒரு சமயத்தார் இன்னொரு மூலையில் வெறும் கல்லில் சாதித்ததை, அடுப்பும் மணலும் சிரட்டையும் வைத்திருக்கிற நாம் ஆகாது என்று தள்ளுவதைத்தான் சொல்கிறேன்.

இனி, நம்முடையதில்லை என்ற வாதம். கேட்க மிடுக்காக இருக்கும் இந்த வாதம் நம் ஊர்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ஒரு நொடிகூட நிற்காது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் நம் உயிர். அந்த மரச்சீனி பிரேசிலிலிருந்து வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பரப்பினார். 1942இல் பர்மா அரிசி நின்று திருவிதாங்கூர் பட்டினி கண்டபோது ஏழை வீடுகளைக் காத்தது. அதை யாராவது அந்நியம் என்று ஒதுக்குவார்களா? 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி கிராம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாறாமலைப் பக்கத்து மழையிலும் மண்ணிலும் மணம் ஏறி வரும் அந்தக் கிராம்பின் பூர்வீகம் மொலுக்காஸ் தீவுகள். 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத் தோட்டத்தில் கொண்டுவந்து நட்டது, பிறகு அங்கிருந்து தெற்கே வந்தது. மலைத்தோட்டத்துக்காரர்களின் கைப்பாடு அதை நம்முடையதாக்கியது.

வெள்ளைக்காரன் விட்டுப்போனது என்பவர்களுக்குக் குளச்சலை நினைவூட்ட வேண்டும். டச்சுக்காரர்கள் நம் கரைக்கு மிளகுக்காக வந்தார்கள். 1741இல் அந்தக் கடற்கரையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றார்கள். அவர்கள் ஊரில் டிசம்பரில் செயின்ட் நிக்கோலஸ் திருநாளுக்கு ஸ்பெகுலாஸ் என்றொரு மெல்லிய இனிப்பு பிஸ்கட் சுடுகிறார்கள். அதில் கிராம்பு, பட்டை, சாதிக்காய், சுக்கு, ஏலம் எல்லாம் உண்டு. இதில் ஒன்றாவது ஹாலந்தில் விளைகிறதா? ஆசியக் கரைகளிலிருந்து கப்பல் ஏறிப்போன வாசனைப் பொருள்களைப் போட்டுப் பிஸ்கட் சுட்டு, அது தங்கள் பாரம்பரியம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். ஏலமும் மிளகும் சுக்கும் காலங்காலமாக விளைகிற மண்ணில் இருந்துகொண்டு, அவற்றைப் போட்டுச் சுட்டால் அது பிறருடையது என்று நாம் சொல்லுகிறோம். வடக்கே கேரளத்திலும் ஓர் உதாரணம் உண்டு: தலச்சேரியில் மம்பள்ளி பாப்பு 1880இல் பிஸ்கட் கம்பெனி தொடங்கினார், பர்மாவில் கற்றுவந்த தொழில் அது. 1883இல் ஒரு தோட்டத் துரை இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் காட்டி இப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டபோது, உள்ளூர்ச் சரக்குகளை வைத்தே செய்து கொடுத்தார். நம்மால் ஆகுமா என்ற கேள்விக்கு நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே நம் பக்கத்து மாநிலத்துக்காரர் பதில் சொல்லிவிட்டார். ஊட்டி வர்க்கிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுட்ட பண்டம் தமிழ்நாட்டுக்கு ஒட்டாது என்று இனியும் எப்படிச் சொல்வது?

விலையைப் பற்றி ஒளிக்காமல் பேசுவோம். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டோடு விலையில் மோதினால் வீட்டு பிஸ்கட் தோற்கும். கருப்பட்டி சீனியைப் போல் பல மடங்கு விலை. தேங்காயெண்ணெய் விற்கும் விலை எல்லாருக்கும் தெரியும். மைதா, பாமாயில், சீனி என்று டன் கணக்கில் வாங்குகிறவரோடு கால் கிலோ மாவு பிசைகிறவர் போட்டியிட முடியாது. ஆனால் இரண்டும் ஒரே பண்டம் என்று வைத்துக்கொண்டால்தானே அந்தக் கணக்கு செல்லும்? பாக்கெட்டின் பின்புறத்தை வாசித்துப் பாருங்கள். மைதா, சீனி, பாமாயில், இன்வெர்ட் சிரப், 503, 500 என்ற எண்களில் அமோனியம் பைகார்பனேட், சோடா, கடைசியில் வாசனைக்குச் சேர்த்த ஃபிளேவர். இவை விஷம் என்று பயமுறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, அனுமதிக்கப்பட்ட பொருள்கள்தான். இஞ்சி, ஏலம் என்று பெயர் போட்டிருந்தாலும் உள்ளே இஞ்சியும் ஏலமும் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள் என்றுதான் கேட்கிறேன். வீட்டு பிஸ்கட்டுக்குச் செலவழிக்கும் காசு பனையேறிக்கும் கிராம்புத் தோட்டக்காரருக்கும் செக்குக்காரருக்கும் போகிறது. அந்தக் காசை நான் நஷ்டக் கணக்கில் எழுதமாட்டேன். சிதறால் மலையடிவாரத்துக்கு வருகிற வெளியூர்க்காரருக்கு இந்த ஊரின் கருப்பட்டி மணக்கும் ஒரு பண்டத்தை மகளிர் குழு ஒன்று சுட்டு விற்றால், எங்கும் கிடைக்கிற பாக்கெட்டை விட்டு அதை வாங்காமலா போவார்?

இங்கே என் பக்கம் நிற்பவர்களையும் மறுத்தாக வேண்டும். கருப்பட்டி பிஸ்கட் என்றால் சர்க்கரைக்காரரும் தின்னலாம், பிள்ளைகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று சிலர் பரப்புகிறார்கள். அது ஆபத்தான பொய். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து கூட இருப்பதால் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் போகாது. போதாததற்குச் சந்தையில் சீனி கலந்த கருப்பட்டியும் தாராளமாக நடமாடுகிறது. கருப்பட்டியை நான் கேட்பது அதன் ருசிக்காக: லேசான புகைவாசம், நாக்கின் ஓரத்தில் நிற்கும் மெல்லிய கசப்பு, கிராம்பின் காரத்தோடு அது சேரும் விதம். சீனியில் இந்த ருசி வராது. இனிப்புப் பண்டத்தை இனிப்புப் பண்டமாகவே மதித்து, இரண்டு தின்று நிறுத்துவதுதான் மரியாதை.

நமத்துப்போகும் என்பது உண்மையான குறை, அதை மறைக்கமாட்டேன். நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கின்றன. கருப்பட்டியோ காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் சரக்கு. காலையில் மொறுமொறுவென்று இருந்த பிஸ்கட் மறுநாள் தோல்போல் வளையும். இதற்கும் வழி இருக்கிறது. சுட்டெடுத்த பிஸ்கட் சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், அதைப் பார்த்து இன்னும் வேகவிட்டுக் கருக்கிவிடுகிறவர்கள் பலர். ஆறினால்தான் மொறுமொறுப்பு தெரியும். எல்லாம் சுட்டு முடித்து அடுப்பை அணைத்தபின், மணலின் மிச்சச் சூட்டில் மொத்தத்தையும் ஒருமுறை பரப்பி மூடி அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். நிறம் மாறாது, உள்ளே தங்கிய ஈரம் மட்டும் போகும். ரஸ்க்கை இரண்டாம் முறை சுடுவதும் இதற்காகத்தான். நன்றாக ஆறியபின் இறுக்கமான டின்னில் அடைத்தால் மழைக்காலத்திலும் ஒரு வாரம் தாங்கும். பிறகும் நமத்தால் மறுபடி பத்து நிமிடம் சூடு காட்டினால் உயிர் வரும். பாக்கெட்டைப் பிரித்துவைத்தாலும் இதே மழையில் அதுவும் நமத்துத்தான் போகிறது.

கடைசியாக ஒரு மறுப்பு இருக்கிறது, எல்லாவற்றிலும் நான் பெரிதாக மதிப்பது அதுதான். ரப்பர் தோட்டத்துக்கும் முந்திரி ஆலைக்கும் போய்த் திரும்பும் பெண்ணின் தலையில் இன்னொரு வேலையைக் கட்டுகிறீர்களே என்பது. வீட்டுப் பலகாரத்தின் பெருமை பேசுகிற கட்டுரைகள் வழக்கமாக இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடும். நான் தாண்ட விரும்பவில்லை. பொரிக்கும் பலகாரம்தான் உண்மையில் பெண்ணை அடுப்பில் கட்டிப்போடுகிறது. கொதிக்கும் எண்ணெயின் முன்னால் மணிக்கணக்காக உட்கார வேண்டும், கண் அகலக் கூடாது, பிள்ளைகளைப் பக்கத்தில் அண்டவிடக் கூடாது. சுடும் பலகாரம் இருபது இருபத்தைந்து நிமிடம் தன்பாட்டில் வேகும். எண்ணெய் தெறிக்காது, ஆகையால் யாரும் கூட வேலை செய்யலாம். சுக்கு இடிப்பதும் கனல் அள்ளி மூடியில் போடுவதும் மாவு தேய்ப்பதும் வீட்டு ஆண்களுக்கு ஆகாத வேலைகளா? பத்து வயதுப் பையன் ஈர்க்கால் குத்தட்டும், அவன் அக்கா கத்தியால் கீறட்டும், தேய்க்கும் கட்டையை அப்பா எடுக்கட்டும். மாவு பிசிறும் பதத்தை மட்டும் அம்மா ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும். அடுத்த முறை அவள் அடுக்களைப் பக்கம் வர வேண்டியதில்லை.